பாம்பன் பாலத்தில் கூட்ஸ் வண்டி வருமா? – வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ரயில் பார்க்கப் போகிறவர்களுடையவை. எல்லாருமே ஜோடியாகப் போகிறவர்கள். ஒன்றிரண்டு கடிதங்களில் ஜோடிக்குள்ளேயே வழக்கு நடக்கிறது.

கல்யாண நாளுக்கு மூன்று நாள் காரில் ராமேஸ்வரம் போகிறோம். பாம்பன் புதுப் பாலத்தில் கூட்ஸ் வண்டி போவதைப் படம் எடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எந்த நேரத்தில் நின்றால் கிடைக்கும்? – திருப்பூர் வாசகர்

கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கூட்ஸ் ஓட வேண்டுமென்றால் ஒரு முனையில் ஏற்றவும் மறுமுனையில் இறக்கவும் பெரிய அளவில் சரக்கு இருக்க வேண்டும். நிலக்கரி இறங்கும் துறைமுகம், அனல் மின் நிலையம், சிமென்ட் ஆலை, இப்படி ஏதாவது. ராமேஸ்வரம் தீவில் இவை எதுவும் கிடையாது. இங்கே கிடைக்கும் மீன் ஐஸ் போட்டு லாரியில் போய்விடுகிறது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வழுதூரில் மின் நிலையம் இருக்கிறதே என்பீர்கள். அது எரிவாயுவில் ஓடுவது, அதற்கு வேகன் வேண்டியதில்லை. ஜல்லியோ தண்டவாளமோ ஏற்றிய ரயில்வேயின் சொந்த வண்டி என்றைக்காவது வரலாம். அதை நம்பிக் கல்யாண நாளைப் பணயம் வைக்காதீர்கள்.

அதற்காகப் பாலத்தைப் பார்க்காமல் திரும்பிவிடவும் கூடாது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழையதில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து இரண்டு கையையும் தூக்குகிற மாதிரி மேலே போகும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் உயரத்துக்கு ஏறும். பயணிகள் ரயில்தான் என்றாலும், தண்ணீருக்கு மேலே அது ஊர்ந்து வருவதைப் பார்க்கிற சுகம் வேறு. ஒரே ஒரு எச்சரிக்கை: சாலைப் பாலத்தில் காரை நிறுத்தாதீர்கள். அகலம் குறைவு, பின்னால் பஸ் வரும். பாம்பன் பக்கம் இறங்கி, வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, கரையோரமாக நடந்து பாருங்கள்.

கூட்ஸ் வேண்டுமென்றால் காரைத் தெற்கே திருப்ப வேண்டும். அது அடுத்த பதிலில்.

எனக்கு ரயில் பைத்தியம். என் மனைவிக்கு ரயில் என்றாலே தலைவலி. "வெயிலில் நின்று எத்தனை பெட்டி என்று எண்ணி என்ன செய்யப் போறீங்க" என்கிறார். இரண்டு பேருக்கும் ஒத்து வருகிற மாதிரி ஒரு திட்டம் சொல்லுங்கள். – மதுரை வாசகர்

அவர் கேட்பது நியாயமான கேள்வி. நிலக்கரி ஏற்றிய வண்டி ஒன்றில் 58 வேகன் இருக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10.7 மீட்டர். மொத்தம் 620 மீட்டருக்கு மேல். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நிமிடத்தில் உங்களைக் கடந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காக மூன்று மணி நேரம் கருவேல மரத்தடியில் ஒருவரை உட்கார வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அதனால் காத்திருப்பதைப் பயணத்தின் நடுவில் வைக்காதீர்கள். வழிக்கு ஒரு சுவை இருக்கட்டும், ரயில் அதில் குறுக்கே வரட்டும். முதல் நாள் ராமநாதபுரம் வழியாகப் பாம்பன், தனுஷ்கோடி. இரண்டாம் நாள் காலையில் திரும்பி வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்குங்கள். கீழக்கரையில் தொதல் (அல்வா மாதிரி ஒரு இனிப்பு) வாங்கிக்கொள்ளுங்கள், கையில் ஒட்டும், துடைக்கத் துணி வேண்டும். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்கள். சாயல்குடிக்கு வந்தால் பனங்காடு, சீசனில் நுங்கு, பதநீர், கருப்பட்டி. இந்த முழு நீளத்திலும் தண்டவாளமே கண்ணில் படாது, அதுதான் இந்த நாளின் நன்மை. ராத்திரி தூத்துக்குடியில் தங்குங்கள்.

மூன்றாம் நாள் விடிகாலை உங்களுடையது. தூத்துக்குடிக்கும் வாஞ்சி மணியாச்சிக்கும் நடுவே மீளவிட்டான் பக்கம் போனால், துறைமுகத்துச் சரக்கு வெளியே வருகிற வழியில் நிற்பீர்கள். ஒன்பது மணி வரை மட்டும் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஊர் திரும்பும்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரை போகலாம். இந்தப் பக்கம் தண்டவாளமும் கூடவே வரும். விருதுநகரிலிருந்து மதுரையைத் தொடாமலே திருச்சிப் பக்கம் போக இது ஒரு வழி என்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் காரிலிருந்தே ஒரு கூட்ஸ் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் மானாமதுரையில் மண்பானை வாங்கலாம், நஷ்டமில்லை.

என் அனுபவம் ஒன்று. மீளவிட்டான் பக்கம் ஒரு ரயில்வே கேட்டில் நானும் என் வீட்டுக்காரியும் நின்றபோது கரி வண்டி ஒன்று போனது. நான் 58 என்றேன், அவள் 59 என்றாள். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் பார்த்தால் அவள் கார்டு (guard) உட்கார்ந்து வரும் கடைசிப் பெட்டியையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். அடுத்து எதிர்ப்பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது. பக்கச் சுவர் உயரமாக இருந்ததால் உள்ளே சரக்கு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. "காலி வண்டிங்க, ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற சுருள்வில்லைப் பாருங்க, நல்லா இடைவெளி விட்டு நிக்குது. முன்னாடி போனதுல எல்லாம் அமுங்கிக் கிடந்துச்சே" என்றாள். இத்தனை வருடம் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. அதிலிருந்து எங்களுக்குள் பந்தயம்: வரப்போவது லோடா, காலியா? தோற்றவர் டீ வாங்க வேண்டும். உங்கள் வீட்டம்மாவிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கூட்ஸ் வரும் நேரத்தை எந்த ஆப்பில் பார்ப்பது? – சென்னை வாசகர்

எதிலும் பார்க்க முடியாது. பயணிகள் ரயில் மாதிரி கூட்ஸுக்குப் பொதுமக்களுக்கான அட்டவணை இல்லை. சரக்கு இருந்தால், பாதை காலியாக இருந்தால் விடுவார்கள். நேரத்தைத் தேடாமல் அறிகுறியைத் தேடுங்கள். பயணிகள் ரயில் எதுவும் இல்லாத நேரத்தில் கேட் மூடினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சின்ன ஸ்டேஷனில் பக்கத்து லைனில் ஒரு கூட்ஸ் ஒதுங்கி நின்றால், எக்ஸ்பிரஸுக்கு வழி விட்டிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்பிரஸ் போனதும் கிளம்பும். அந்தக் கிளம்பலைத் தவறவிடாதீர்கள். முன்னாலிருந்து ஒவ்வொரு வேகனாக இழுபட, "டக், டக், டக்" என்று சத்தம் கடைசிவரை ஓடும்.

கேட் கீப்பரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். அவர் வேலையில் இருக்கிறார்.

ரயில் ரசிகை நான்தான், கார் ஓட்டுவது மட்டும் என் வீட்டுக்காரர். வேகன்களில் எழுதியிருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்? எதை எதில் ஏற்றுகிறார்கள்? அவருக்குச் சொல்லிக்கொடுத்து என் பக்கம் இழுக்கப் பார்க்கிறேன். – காரைக்குடி வாசகி

நல்ல தந்திரம். மூடியில்லாமல் உயரமான சுவரோடு இருப்பது பாக்ஸ்-என். நிலக்கரி பெரும்பாலும் இதில்தான், ஒரு வேகனில் 60 டன்னுக்கு மேல் ஏற்றுவார்கள். பக்கத்தில் கதவு வைத்து முழுக்க மூடியிருப்பது பிசிஎன் வகை. மழை படக் கூடாத அரிசி, கோதுமை, சிமென்ட், உர மூட்டைகள் அதில். உருளையாக இருப்பது பிடிபிஎன், பெட்ரோல், டீசல் கொண்டுபோவது. தட்டையான தளத்தின் மேல் கன்டெய்னர் உட்கார்ந்திருந்தால் பிஎல்சி, அது ஐந்தைந்தாகச் சேர்ந்தே ஓடும். பழைய பயணிகள் பெட்டி மாதிரி இருந்து, ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தால் உள்ளே புதுக் கார்கள் போகின்றன. ஓய்வு பெற்ற பெட்டிகளை அப்படி மாற்றியிருக்கிறார்கள்.

எண் பதினொரு இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, ஐந்தாவதும் ஆறாவதும் செய்த வருடம். அடுத்த நான்கு அந்த வேகனின் சொந்த எண், கடைசி ஒன்று சரிபார்க்க. உங்கள் வீட்டுக்காரரிடம் ஐந்து, ஆறாவது இலக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். "இது நம்ம கல்யாண வருஷத்து வேகன்" என்று ஒன்று கிடைத்துவிட்டால் அப்புறம் அவரே காரை நிறுத்துவார். கடைசிப் பெட்டியில் எல்.வி. (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசி வண்டி) என்று எழுதிய சின்னப் பலகை தொங்கும். வண்டி நடுவில் அறுந்துபோகாமல் முழுசாக வந்து சேர்ந்தது என்பதற்கு அது அடையாளம்.

எந்த மாதம் நல்லது? – ஈரோடு வாசகர்

ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் பயம். பலத்த காற்று அடித்தால் பாம்பனில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். பாலத்தைக் கடக்கும்போது பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு குணம். மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள். ஒன்று அலையடித்துக்கொண்டிருக்கும்போது மற்றது குளம் மாதிரி கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வந்தால் ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் காய்வதையும் பார்க்கலாம். கார் ஜன்னலை ஏற்றிவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் தும்மல்தான்.

தனுஷ்கோடியில் பழைய ரயில் பாதை ஏதாவது மிச்சம் இருக்கிறதா? – தஞ்சாவூர் வாசகர்

ஸ்டேஷன் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இடிபாடு இருக்கிறது. ஒரு காலத்தில் பெரிய பாதை தனுஷ்கோடிக்குத்தான், ராமேஸ்வரம் கிளை. இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் போனது. அங்கே நின்று செல்ஃபி எடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை இருக்கிறது. இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும். சாலையை விட்டு மணலில் காரை இறக்காதீர்கள். நான் இறக்கி, மூன்று பேர் வந்து தள்ளித்தான் வெளியே வந்தேன்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாமா? டிரோன் கொண்டுபோகலாமா? – கோவை தம்பதி

கேட்டுக்கு வெளியே, பொதுச் சாலையில் நின்று எடுங்கள். ரயில்வே நிலத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் 1,000 ரூபாய் வரை அபராதத்துக்கும் இடம் இருக்கிறது. டிரோன் வேண்டவே வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. கல்யாண நாளன்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் அது ரயில்வே ஸ்டேஷனாக இருக்கட்டும்.