நட்டு சுற்றுகிறது, கழலவில்லை

வணக்கம் நண்பரே. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிய பிறகு காரின் முன்சக்கரத்தின் நான்கு நட்டுகளில் ஒன்று சும்மாவே சுற்றுகிறது, மற்ற மூன்றை நம்பி மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச்சொல்லுங்கள்.

நட்டோடு ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரையுள்ள கம்பி) சேர்ந்து சுற்றினால், சக்கரம் பொருந்தும் ஹப்பைக் கவ்வும் ஸ்டட்டின் பற்கள் மழுங்கிவிட்டன. ஹப்பில் ஸ்டட் உட்காரும் துளையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டட் அசையாமல் நட்டு மட்டும் சுற்றினால் மரை போய்விட்டது. நெம்பியபடி திருப்பியும் வரவில்லையென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஸ்டட், நட்டு இரண்டையும் புதிதாக வாங்குங்கள். பழைய நட்டு புது மரையையும் தின்றுவிடும். மாருதிக்குப் பொதுவாக ஸ்டட் விட்டம் 12 மி.மீ., பிட்ச் (மரைகளின் இடைவெளி) 1.25 மி.மீ., ஹூண்டாய்க்குப் பிட்ச் 1.5. "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார்கள், நம்பாதீர்கள்.

நாகப்பட்டினத்து உப்புக்காற்றுக்குப் பயந்து நான் ஒருமுறை மரையில் கிரீஸ் தடவினேன். வழுக்கலில் நட்டு அளவுக்கு மீறி இறுகி, ஸ்டட்டே முறிந்தது. இப்போது கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பதோடு சரி.

மாட்டும்போது முதல் நான்கு சுற்று விரலாலேயே போகட்டும், பிறகுதான் ஸ்பேனர். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கம் பாருங்கள்.