வீட்டில் பார் வைக்கலாம், உண்டியல் வைக்காதீர்கள்

கேள்வி: வாடகை வீட்டில் மனைவி, அப்பா, 14 வயது மகனோடு இருக்கிறேன். ஹாலை ஒட்டிச் சும்மா கிடக்கும் சிறிய அறையைப் பாராக மாற்ற ஆசை. கவுன்ட்டர், சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ், பாட்டில் அலமாரி என்று படமே போட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். செலவு உன் தலையில் விழ வேண்டாம், கவுன்ட்டரில் ஒரு உண்டியல் வை, கிளாஸுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுகிறோம் என்கிறார்கள். அழகுக்காக ஒரு பெயர்ப் பலகையும், சாக்பீஸில் எழுதிய விலைப்பட்டியலும் வைக்க யோசனை. இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. மதுச் சட்டம் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலமும் மாறும். இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசுகளே சட்டம் போடும் விஷயங்களின் பட்டியலில், வருகிற விஷயம். அதனால் டெல்லியில் சரியாக இருப்பது குஜராத்தில் குற்றம். எங்கே இருந்தாலும் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விதியை அங்குள்ள ஆயத்தீர்வை அலுவலகத்திலோ ஒரு வக்கீலிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கவுன்ட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு உண்டியல்தான் கவலை. நண்பருக்குச் சும்மா ஊற்றிக் கொடுத்தால் அது விருந்தோம்பல். கிளாஸுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது விற்பனை. "லாபம் வைக்கவில்லையே, அடக்க விலைதானே" என்பது எடுபடாது. விலை வாங்கினாயா என்பதே கேள்வி, லாபம் வந்ததா என்பதல்ல. இங்கிலாந்தின் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் மதுவைச் சில்லறையாக விற்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. வீட்டுக்குள் விற்றேன் என்பது அங்கே தப்பிக்கும் வழி அல்ல.

செலவைப் பகிரத்தான் வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன்பே நாலு பேரும் பணம் போட்டு வாங்குங்கள். அது நால்வருடைய சரக்கு. அல்லது ஆளுக்கொரு பாட்டிலாக அவர்களே கொண்டு வரட்டும். உங்கள் பாட்டிலைத் திறந்து, ஊற்றி, பிறகு காசை எண்ணுவதுதான் ஆபத்து. அந்த விலைப்பட்டியலை எழுதவே எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் போலீஸைக் கூப்பிட்டு, வந்தவர் அறையைப் போட்டோ எடுத்தால், பட்டியலும் உண்டியலும் ஒரே படத்தில் வந்து நிற்கும். "அழகுக்கு வைத்தேன் ஐயா" என்று அப்புறம் நான்தான் வாதாட வேண்டும்.

அடுத்தது அளவு. பல இடங்களில் வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. டெல்லி விதிப்படி 25 வயது கடந்த ஒருவர் விஸ்கி, ரம், வோட்கா, ஜின் வகையில் 9 லிட்டரும், பீர், ஒயின் வகையில் 18 லிட்டரும் வைத்திருக்கலாம். அங்கே ஒரு வீட்டில் 132 பாட்டில்கள் பிடிபட்டு வழக்குப் பதிவானது. அந்தக் கூட்டுக் குடும்பத்தில் 25 வயது கடந்தவர்கள் ஆறு பேர் இருந்ததால், தலைக்கணக்குப் போட்டால் வரம்பு மீறவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் முதல் தகவல் அறிக்கையையே ரத்து செய்தது. உங்கள் வீட்டிலும் தகுதியான வயதுடையவர் மூன்று பேர் இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை வந்து போகிற நண்பரை அந்தக் கணக்கில் சேர்க்க நினைக்காதீர்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் பில்லைத் தூக்கிப் போடாமல் ஓர் உறையில் வையுங்கள். ஷெல்ஃப் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காகப் பாட்டில் சேர்க்கிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். காலி பாட்டிலை அடுக்கினாலும் ஷெல்ஃப் அதே அழகுதான்.

வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்கலாம் என்று எந்த நண்பராவது கிளப்பினால் அங்கேயே நிறுத்துங்கள். அமெரிக்க மத்தியச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க விடுகிறது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடம் 200 கேலன் (சுமார் 757 லிட்டர்) வரை. ஆனால் சாராயம் வடிப்பது வேறு விஷயம். சொந்தக் குடிக்கு என்றாலும் பல நாடுகளில் அது குற்றம்.

வாடகை வீடு என்பதால் இன்னொன்று. பூட்டித் திறக்கும் அலமாரியும், சுவரில் பதிக்காமல் தனியாக நிற்கும் கவுன்ட்டரும் உங்கள் மரச்சாமான். காலி செய்யும்போது தூக்கிக்கொண்டு போகலாம். சிங்க் அப்படியல்ல. சுவரை உடைத்து, குழாய் இழுத்து, வடிகாலில் சேர்க்க வேண்டும். இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமையாளர் சம்மதமின்றி வாடகைதாரர் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டால் இடத்தைப் பழைய நிலையில் விட வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் கிரானைட் கவுன்ட்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டார். பெயர்த்தபோது பின்னாலிருந்த டைல்ஸும் பூச்சும் கூடவே வந்தன. உரிமையாளர் "சரி, பண்ணிக்குங்க" என்று சொன்னது உண்மைதான், ஆனால் வாய் வார்த்தை. முன்பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. உங்கள் உரிமையாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: என்ன பொருத்தப் போகிறேன், காலி செய்யும்போது எதை எடுப்பேன், எதை விட்டுச் செல்வேன், இருவர் கையெழுத்து, தேதி. வேலை தொடங்கும் முன் நாலு சுவரையும் போட்டோ எடுத்து அதோடு இணையுங்கள். குடியிருப்புச் சங்கம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. குடித்த நண்பர் வண்டியை எடுத்தால்? 1984-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வீட்டுக்காரர் விருந்தாளிக்கு ஸ்காட்ச் ஊற்றிக் கொடுத்து, கார் வரை கூடவே நடந்து போய், பேசி அனுப்பிவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று போன் செய்தபோதுதான் எதிரே வந்த காரில் மோதிய செய்தி தெரிந்தது. போதை கண்ணுக்குத் தெரிந்தும், வண்டி ஓட்டப் போகிறார் என்று அறிந்தும் ஊற்றிக் கொடுத்த வீட்டுக்காரர், அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பொறுப்பு என்றது நீதிமன்றம். கனடா உச்ச நீதிமன்றமோ 2006-இல் வேறு மாதிரி சொன்னது. அது விருந்தினரே மது கொண்டு வந்த விருந்து. அங்கே வீட்டுக்காரருக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்று விட்டுவிட்டது. உங்கள் நீதிமன்றம் எந்தப் பக்கம் சாயும் என்று சோதித்துப் பார்க்காதீர்கள். கதவருகே ஒரு கிண்ணம் வைத்து, உள்ளே வரும்போதே வண்டிச் சாவியை அதில் போடச் சொல்லுங்கள்.

மகன் இருக்கிறான் என்பதால் அலமாரிக்குப் பூட்டு கட்டாயம், சாவி உங்கள் கையில். "ஒரு வாய்தானே" என்று யாராவது அவனுக்கு நீட்டினால் சிரித்துக்கொண்டு நிற்காதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன்படி குழந்தைக்கு மது கொடுத்தால் இந்தியாவில் 7 ஆண்டு வரை கடுங்காவல்.

பெயர்ப் பலகை? தாராளமாக மாட்டுங்கள், உள் சுவரில். ஜன்னல் வழியே தெருவுக்குத் தெரிந்து யாராவது கதவைத் தட்டி "எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று கேட்டால், உடனே கழற்றிவிடுங்கள்.