கேபினட்டுடன் வந்த மலிவு பவர் சப்ளையில் கேமிங் கணினியை ஓட்டலாமா?

பாளையங்கோட்டைத் தம்பியின் கேள்வி இது: ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கியதில் கையிலிருந்த பணம் தீர்ந்துவிட்டது, கேபினட்டுடன் வந்த ‘500 வாட்’ பவர் சப்ளை தாங்குமா?

தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார்டு 170 வாட் கேட்கும். பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே எடுக்கும். பிராசஸரும் அங்கேதான் கை நீட்டுகிறது. பவர் சப்ளையில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்றிருந்தால், கிடைப்பது 192 வாட்தான். கொட்டை எழுத்து 500 வெறும் அலங்காரம்.

விளையாட்டின் நடுவே கணினி தானாக அணைந்தால் நல்ல சேதி. பாதுகாப்புச் சுற்று வேலை செய்கிறது. மலிவு பவர் சப்ளைகள் பலவற்றில் அந்தச் சுற்றையே மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். உள்ளே ஏதாவது பழுதாகி அது எகிறினால், மதர்போர்டும் கார்டும் சேர்ந்தே போகும்.

நம் ஊர் வெயில் வேறு. வெப்பம் 10 டிகிரி கூடினால், பவர் சப்ளைக்குள் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஆடிக் காற்றில் மின்சாரம் கண்சிமிட்டும்போது நல்ல பவர் சப்ளை கண நேரமாவது சமாளிக்கும். மட்டமானது அப்போதே கைவிடும். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அது சுவரிலிருந்து வருவதைச் சீராக்கும், பவர் சப்ளைக்குள் நடப்பதை அல்ல.

கார்டு தயாரிப்பாளர் சொல்வது 550 வாட். ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (80 Plus Bronze) முத்திரையும் சில ஆண்டு வாரண்டியும் உள்ளதாக வாங்குங்கள். முத்திரை சிக்கனத்துக்குத்தான் சான்று, பாதுகாப்புக்கு அல்ல. ஆகவே பாதுகாப்பு வசதிகளையும் கேளுங்கள். பணம் சேரும்வரை, பிராசஸரில் கிராபிக்ஸ் இருந்தால் அதில் ஓட்டுங்கள். கார்டு அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும்.