பவுலிங்: எண்ணெய் லேனில் எந்தப் பந்து? வாசகர் கேள்விகள்

கே: எங்கள் லேனில் எண்ணெய் அதிகம். என் பந்து வளையவே மாட்டேன் என்கிறது. புதுசு வாங்கலாமா?

ப: பந்தின் கவர் (மேலுறை) வழுக்கலான பேர்லா, பிடிப்புள்ள சாலிடா, எண்ணெய் எத்தனை அடி, வேகம் என்ன, எதுவுமே எழுதவில்லை. ஜோசியமா சொல்ல முடியும்? சரி, பணத்தை எடுக்கும் முன் பந்தைத் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்குகிறதா? நோய் அதுதான். பாலிஷ் போடுவதே பந்து எண்ணெயில் வழுக்கிப் போகத்தான். 1000 அல்லது 2000 கிரிட் (சொரசொரப்பு அளவு) தேய்ப்புப் பேடால் ஒரு பதினைந்து நிமிடம் சீராகத் தேய்த்தால், பாதிப் பேருக்குப் புதுப் பந்தே தேவைப்படாது. ஒருமுறை கடையில் துளை சரிசெய்யக் கொடுத்த என் சாலிட் பந்தைக் கேட்காமலே பளபளவென்று ஆக்கித் தந்துவிட்டார்கள், இலவசமாம்! அன்று மாலை லீக்கில் அது நேர்கோடு போட்டுக்கொண்டே போனது. பந்து என்ன ஷோகேஸ் பொம்மையா? தேய்த்த பரப்பும் சில ஆட்டங்களில் மழுங்கிவிடும், மறுபடி தேய்க்க வேண்டும். ஆனால் ஆட்டத்துக்கு முன்பே. நடுவில் பேடை எடுத்தால் யுஎஸ்பிசி (அமெரிக்க பவுலிங் காங்கிரஸ்) விதிப்படி தவறு.

கே: டிஃபரென்ஷியல் 0.055 உள்ள பந்து போதுமா?

ப: போதும், பந்தின் வளையும் திறனைக் காட்டும் இந்த எண்ணுக்கு யுஎஸ்பிசியின் உச்ச வரம்பே 0.060தான். ஆர்ஜி (பந்தின் எடை மையத்திலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்ற அளவு) 2.50க்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் உருளத் தொடங்கும். ஆனால் கவர் முதலில், கோர் (உள்ளே இருக்கும் எடைக்கட்டி) அப்புறம். பளபளக்கும் பேர்லுக்குள் எவ்வளவு பலமான கோர் இருந்தாலும், பிடிப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்யும்?

கே: கனத்த எண்ணெய்க்கு யூரித்தேன் கவர் பந்து?

ப: வேண்டாம். அது குட்டை பேட்டர்னுக்கு, அதாவது எண்ணெய் குறைந்த தூரமே பூசிய லேனுக்கு.

கே: 45 அடி பேட்டர்னில் எங்கே குறி வைப்பது?

ப: நீளத்தில் 31ஐக் கழியுங்கள். எண்ணெய் முடியும் இடத்தில் பந்து லேனின் ஓரத்திலிருந்து எண்ணி 14ஆம் பலகையை ஒட்டி இருக்க வேண்டும். தோராயக் கணக்குதான், ஒன்றிரண்டு பலகை தள்ளிப் போகும். கழித்தல் தெரிந்தும் ஓரத்து 5ஆம் பலகையிலேயே வீசிவிட்டுப் பந்தைத் திட்டாதீர்கள்.

கே: பேலன்ஸ் துளை (விரல் நுழைக்காத கூடுதல் துளை) போட்டு ஹூக்கை, அதாவது வளைவைக் கூட்டலாமா?

ப: 2020 ஆகஸ்டிலிருந்து யுஎஸ்பிசி போட்டிகளில் அதற்கு இடமில்லை. பழைய வீடியோக்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். உங்கள் பிஏபியை (நீங்கள் வீசும்போது பந்து சுழலும் அச்சுப் புள்ளி) அளந்து, துளையிடுபவரிடம் லேஅவுட், அதாவது துளைகளை எங்கே போடுவது என்று பேசுங்கள்.

கே: ரியாக்டிவ் (எண்ணெயை உறிஞ்சும் ரெசின் கவர்) பந்து எண்ணெய் குடித்துச் செத்துவிட்டது. சமையல் ஓவனில் வைக்கலாமா?

ப: ஐயோ! விரிசல் விட்டுவிடும். துளைகளை டேப்பால் அடைத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு, இருபது நிமிடம். மிதந்து வரும் எண்ணெயை வழித்துவிடுங்கள். ஒவ்வொரு வீச்சுக்குப் பின்னும் துண்டால் துடைத்திருந்தால் இந்த வைத்தியம் இவ்வளவு சீக்கிரம் தேவைப்பட்டிருக்காது. போன தடவையும் இதையேதான் எழுதினேன்.