கேமரா பேட்டரி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என் சின்ன கேமராவில் இரண்டு ஏஏ பேட்டரி போட வேண்டும். புது அல்கலைன் போட்டாலும் முப்பது நாற்பது படத்திலேயே 'பேட்டரியை மாற்றவும்' என்று நின்றுவிடுகிறது. அதைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடுகிறது. கேமராவில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பேட்டரியும் தீர்ந்துவிடவில்லை. கேமரா கேட்கிற வேகத்துக்கு அதனால் மின்சாரம் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கடிகாரம் இழுப்பது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. கேமரா லென்ஸை வெளியே தள்ளும்போதும் ஃபிளாஷுக்கு சார்ஜ் ஏற்றும்போதும் ஓர் ஆம்பியர் அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும் இழுக்கும். எந்த பேட்டரிக்கும் உள்ளேயே ஒரு மின்தடை உண்டு. புது அல்கலைனில் அது சுமார் 0.2 ஓம், இரண்டுக்கும் சேர்த்து 0.4 ஓம். ஓர் ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட் அங்கேயே போய்விடும். 3 வோல்ட் இருந்தது 2.6 ஆகும். கொஞ்சம் செலவானதும் ஒவ்வொரு பேட்டரியின் சொந்த வோல்ட்டும் 1.3, 1.2 என்று இறங்கும், உள்தடை ஏறும். அப்போது லென்ஸ் நகர்கிற அந்த ஒரு நொடியில் மொத்த வோல்ட் 2-ஐ ஒட்டிச் சரிந்துவிடும். பேட்டரிக்குள் மிச்சம் எவ்வளவு என்பது கேமராவுக்குத் தெரியாது. பளு ஏறும்போது வோல்ட் எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான் பார்க்கிறது. வரம்புக்குக் கீழே போனால் அணைத்துவிடும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் வாங்குங்கள். உறையில் 1.2 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் உள்தடை சில பத்து மில்லி ஓம்தான். கிட்டத்தட்ட தீரும்வரை 1.2 வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். மாற்றியதும் மெனுவில் 'பேட்டரி வகை' என்று ஓர் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது அல்கலைனிலேயே இருந்தால், நல்ல பேட்டரியையும் கேமரா தீர்ந்ததாகக் காட்டும்.

அவசரத்துக்கு ஒரு ஜோடி வேண்டுமென்றால், சார்ஜ் செய்ய முடியாத 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ நல்லது. எடை குறைவு, வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் இறங்காது, கடும் குளிரிலும் வேலை செய்யும். ஆனால் 14500 என்ற எண்ணோடு அதே அளவில் வரும் 3.7 வோல்ட் லித்தியம் அயனைத் தப்பித்தவறியும் போடாதீர்கள். இரண்டு போட்டால் 7.4 வோல்ட், சர்க்யூட் கருகிவிடும்.

கேள்வி: ரீசார்ஜபிள் ஏஏ-வில் 2000 எம்ஏஎச் வாங்குவதா, 2500-க்கு மேல் வாங்குவதா?

பதில்: எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு. தினமும் படமெடுத்து அன்றன்றே தீர்ப்பவர் என்றால் 2500. மற்ற எல்லாருக்கும் 2000-தான் எங்கள் சிபாரிசு, அதுவும் தானாகச் சார்ஜ் இறங்குவது குறைவாக உள்ள வகை. சான்யோ நிறுவனம் 2005-இல் எனிலூப் என்ற பேட்டரியைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை பரவலானது. அதற்கு முன்பு இருந்தவை அலமாரியில் சும்மா கிடந்தே ஓரிரு மாதத்தில் காலியாகிவிடும். எண் பெரிதாகப் பெரிதாக, எத்தனை முறை சார்ஜ் செய்யலாம் என்ற கணக்கு பொதுவாகக் குறையும்.

பேட்டரியைவிட சார்ஜரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரண்டிரண்டாக மட்டும் சார்ஜ் செய்வதை வாங்காதீர்கள். ஜோடியில் ஒன்று முன்பே நிறைந்துவிட்டாலும் மற்றதற்காக அதற்குள்ளும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், சூடாகிக் கெடும். ஒவ்வொரு குழிக்கும் தனி விளக்கு இருந்தால், பெரும்பாலும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் என்று வைத்துக்கொள்ளலாம். நிக்கல் பேட்டரி நிறைந்ததும் அதன் வோல்ட் உச்சத்துக்குப் போய் ஒரு சில மில்லி வோல்ட் இறங்கும். நல்ல சார்ஜர் அந்த இறக்கத்தைக் கண்டுதான் நிறுத்துகிறது. மிக மெதுவாக ஏற்றினால் அந்த இறக்கம் தெளிவாகத் தெரியாது, சார்ஜர் தவறவிடும். 2000 எம்ஏஎச் பேட்டரிக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் சரியான வேகம். இரண்டிலிருந்து நான்கரை மணி நேரம் ஆகும். நேரக்கணக்கு மட்டும் வைத்து நிற்கும் மலிவு சார்ஜர், பாதி மிச்சமிருந்த பேட்டரிக்கும் முழு நேரம் ஏற்றும்.

ஒன்றாக வாங்கியவற்றை ஒன்றாகவே பயன்படுத்துங்கள். மார்க்கர் பேனாவால் 'அ1, அ2', 'ஆ1, ஆ2' என்று எழுதிவைத்தால் போதும். புதியதும் பழையதும் கலந்தால் பழையது முதலில் தீரும். அதன்பிறகும் புதியது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும். முனை தலைகீழாகிப் பழையது நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

கேள்வி: கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமரா வாங்கினேன். விளம்பரத்தில் 700 படம் என்றார்கள். சில நாள் 300-ஐத் தாண்டவில்லை, ஒரு நாள் மட்டும் 1500 வந்தது. எது உண்மை?

பதில்: மூன்றும் உண்மைதான். அந்த எண் சிப்பா என்ற ஜப்பானியக் கேமரா அமைப்பின் சோதனை முறைப்படி வருவது. 23 டிகிரி வெப்பத்தில் அரை நிமிடத்துக்கு ஒரு படம், ஃபிளாஷ் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ஃபிளாஷ், இடையிடையே அணைத்து மீண்டும் போடுவது என்று அதற்குக் கண்டிப்பான விதி உண்டு. ஒரு கேமராவை இன்னொன்றோடு ஒப்பிட அது மிக நல்ல எண். உங்கள் நாளைக் கணிக்க உதவாது.

கண்ணாடியில்லா கேமராவில் படம் எடுக்காதபோதும் சென்சாரும் திரையும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் எத்தனை படம் என்பதைவிட எத்தனை மணி நேரம் விழித்திருந்தது என்பதே கணக்கு. தொடர் ஷாட்டில் சில நிமிடத்தில் நூறு படம் எடுத்தால் பேட்டரி அசையாது. பறவைக்காகத் திரையைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் நின்றால் ஒரு படம்கூட எடுக்காமலேயே தீரும். சோனி ஏ7 முதல் மாடலில் 1020 எம்ஏஎச் பேட்டரிக்கு 340 படம் என்றார்கள். ஏ7 மூன்றாம் மாடலில் 2280 எம்ஏஎச் வைத்த பிறகே அது 710 ஆனது. கண் வைத்துப் பார்க்கும் குழாய்த் திரையில் அதே கேமராவுக்கு 610-தான்.

தானாக அணையும் நேரத்தை ஒரு நிமிடத்துக்குக் குறையுங்கள். விமானப் பயன்முறை இருந்தால் போடுங்கள். கேமராவை அணைத்த பிறகும் ப்ளூடூத் போனோடு பேசிக்கொண்டிருக்கும் மாடல்கள் உண்டு. எடுத்த படத்தை உடனே காட்டும் வசதியை நிறுத்துங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதில் மிச்சமாவது இவற்றைவிடக் கொஞ்சம்தான்.

கேள்வி: வேறு நிறுவன பேட்டரி மிகவும் மலிவு, எம்ஏஎச்சும் அதிகம் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். முதலில் வாட்-மணியைப் பாருங்கள். எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும். 2280 எம்ஏஎச், 7.2 வோல்ட் என்றால் 16.4 வாட்-மணி. உறையில் உள்ள மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் அச்சடித்தவருக்கே கணக்கில் அக்கறை இல்லை. அதே அளவு கூட்டுக்குள் அசலைவிட ஒன்றரை மடங்கு என்று போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். சமையலறைத் தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். அதிகம் கொள்வதாகச் சொல்லும் பேட்டரி அசலைவிட எடை குறைவாக இருந்தால் பெரும்பாலும் அந்த எண் பொய்.

பிறகு சோதனை. இரண்டையும் முழுதாக சார்ஜ் செய்து, ஒரே அமைப்பில், கேமரா தானாக அணையும்வரை வீடியோ ஓடவிட்டு நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில மாடல்கள் அரை மணி நேரத்தில் பதிவை நிறுத்தும், உடனே மறுபடி தொடங்கிவிடுங்கள். அசலில் எண்பது சதவீதமாவது ஓடினால் உபரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேமராவிடம் தன் அளவைச் சொல்லும் சிப் இந்த பேட்டரிகளில் அரைகுறையாக இருக்கலாம். 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்து பட்டென்று அணையும். கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு ஏற்க மறுப்பதும் நடக்கிறது. உள்ளே இரண்டு செல் தொடராக இருக்கும். அவை ஒரே தரத்தில் இல்லாவிட்டால் ஒன்று மட்டும் அதிகமாக ஏறி உப்பும். திருமணம் போல மறுபடி எடுக்க முடியாத நிகழ்ச்சிகளுக்கு அசல் பேட்டரியைப் போடுங்கள், மற்றதைப் பையில் வையுங்கள்.

அசலிலும் ஓர் எச்சரிக்கை. தோற்றம் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை வேறு. நிக்கான் இசட்6, இசட்7 மாடல்களில் யுஎஸ்பி வழியாகக் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் செய்ய இஎன்-இஎல்15பி அல்லது 15சி வேண்டும். பழைய 15, 15ஏ கேமராவை ஓட்டும், ஆனால் உள்ளே சார்ஜ் ஏறாது.

கேள்வி: முழுதும் தீர்ந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டுமா? உப்பினால் என்ன செய்வது?

பதில்: தீர்க்கத் தேவையில்லை. அது நிக்கல் காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியம் அயனுக்கு அடியோடு காலியாவதுதான் கெடுதல். மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், கேமராவிலிருந்து கழற்றி, வெப்பம் இல்லாத இடத்தில் வையுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் வேகமாகக் கிழடாகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு வைப்பது அதற்குக் குறுக்கு வழி. உறைநிலைக்குக் கீழே படமெடுக்கலாம், ஆனால் சார்ஜ் செய்யக் கூடாது. செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். குளிரில் சீக்கிரம் தீர்ந்ததுபோல் நின்ற பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்துச் சூடேற்றினால் மறுபடி ஓடும்.

உப்பிய பேட்டரியைக் குழியில் போடவே போடாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். தாழ்ப்பாளைத் திறந்து கேமராவைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். வரவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான். எடுத்ததும் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது.

கேள்வி: பேட்டரி மாற்றும்போதெல்லாம் தேதி அழிகிறது.

பதில்: கடிகாரத்துக்கென உள்ளே ஒரு சின்ன செல் உண்டு, பல மாடல்களில் அது பெரிய பேட்டரியிடமிருந்து சார்ஜ் வாங்கும். முழு சார்ஜான பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் விட்டுவிட்டுத் தேதி வையுங்கள். மறுபடி அழிந்தால் அந்தச் செல்லை மாற்ற வேண்டும். சில மாடல்களில் பேட்டரி குழியின் பக்கத்திலேயே சிறு தட்டில் காசு வடிவ செல் இருக்கும், நீங்களே மாற்றலாம். மற்றவற்றைத் திறக்காதீர்கள்: அணைத்த பிறகும் ஃபிளாஷின் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.