கிரவல் குழியின் செம்மண் சுவர்: காப்பதும் காட்டுவதும்

கேள்வி: இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கே கைவிடப்பட்ட கிரவல் குழி ஒன்றின் சுவரில், மேலே செம்மண்ணும் அதன் கீழே கூழாங்கற் படையும் கோடு கிழித்தாற்போல் தெரிகின்றன. எமது பாடசாலைப் பிள்ளைகள் விளிம்பு கூராக உடைந்த வெள்ளைக் கற்களை அங்கே பொறுக்கி ஒரு பிஸ்கற் பேணியில் சேர்த்திருக்கிறார்கள். அதே இடத்தில் மீண்டும் கிரவல் எடுக்க அனுமதி கேட்கப்பட்டிருப்பதாக அறிகிறோம். வேலி அடைத்து, பெயர்ப்பலகை நாட்டி, வருவோரிடம் நுழைவுக் கட்டணம் அறவிடலாம் என்பது எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் யோசனை. யுனெஸ்கோவின் புவிப்பூங்காவாக அறிவிக்கச் செய்யலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். எதை முதலில் செய்வது?
— புவியியல் ஆசிரியர் ஒருவர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: வேலியும் பலகையும் கட்டணமும் கடைசியில் வர வேண்டியவை. முதலில் வர வேண்டியது ஒரு கடிதமும், அதனுடன் இணைக்கத்தக்க சில நல்ல படங்களும் ஆகும். அந்த இடத்தைப் பற்றி அரச கோப்பு ஒன்றில் எழுத்தில் ஏதும் பதியப்படாதவரை, அது சட்டத்தின் கண்ணில் வெறும் கிரவல் காணிதான். பதிவுக்கு முன் விளம்பரம் வந்தால் முதலில் வந்து சேர்பவர்கள் சுற்றுலாப் பயணிகளாக இருக்க மாட்டார்கள். வன்னியில் பழைய கல் என்ற சொல் காதில் விழுந்தவுடன் மண்வெட்டியுடன் புறப்படும் புதையல் தேடிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அமைவிட ஆள்கூறுகளையும் வழியையும் இப்போதைக்கு முகநூலில் இட வேண்டாம்.

நீங்கள் விவரிக்கும் சுவர் எதுவாக இருக்கக்கூடும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கடிதத்தின் வலு அதிலேயே தங்கியிருக்கிறது. இலங்கையின் வறண்ட வலயத் தாழ்நிலங்களில், அடியில் கூழாங்கற்களும் மேலே சிவப்பு அல்லது செங்கபில மணலுமாகக் கிடக்கும் படிவுகளுக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயரே ‘இரணைமடுப் படைத்தொகுதி’ என்பதாகும். தொல்லியலாளர் சிரான் தெரணியகல விரிவாக ஆராய்ந்த இப்படிவுகளுக்குள் கற்கால மனிதர் செதுக்கிய கருவிகள் கிடைத்துள்ளன. தெற்கே பூந்தலவில் இதே வகைக் கூழாங்கற் படை ஒன்று ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகள் பழைமையானது என, மணற்பரல்கள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வுக் காலக்கணிப்பு முறையால் கணிக்கப்பட்டது. உங்கள் ஊர்க் குளத்தின் பெயர் உலகத் தொல்வரலாற்று நூல்களில் இடம்பெற்றிருப்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. இருப்பினும் பூந்தலவின் வயதை உங்கள் குழியின் சுவரில் எழுதி ஒட்டிவிடக் கூடாது. படைகள் ஒரே தோற்றமுடையவை என்பதால் ஒரே காலத்தவை என்றாகிவிடாது. உங்கள் சுவருக்கு அதற்கென்றே எடுத்த மாதிரிகளைக் கொண்டுதான் வயது கணிக்க முடியும்.

பிள்ளைகள் பொறுக்கிய கற்களைப் பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். குவாட்ஸ் எனப்படும் அந்த வெள்ளைக் கல்லையும் செர்ட் என்ற கல்லையும் கற்கால மனிதர் விரும்பிப் பயன்படுத்தினர் என்பது உண்மைதான். ஆனால் டிப்பரின் சில்லுக்கடியில் நசுங்கிய குவாட்ஸும் கூராகத்தான் உடையும். எது மனிதக் கை செதுக்கியது, எது தானாக உடைந்தது என்பதைப் பயிற்சி பெற்றவர் பார்த்தே சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவருக்கும் கல்லைவிட முக்கியமானது, அது எந்தப் படையில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியே. படையிலிருந்து பிடுங்கிய கல், உறை இல்லாமல் வந்த கடிதத்தைப் போன்றது. அனுப்பியவரையும் திகதியையும் அதிலிருந்து அறிய முடியாது. எனவே நீங்கள் காக்க வேண்டிய மரபுச் சொத்து பேணிக்குள் இல்லை, அந்தச் சுவரில் இருக்கிறது. பெக்கோ இயந்திரம் வெட்டியதால்தான் அந்தச் சுவரே வெளிப்பட்டது என்பதையும், கிரவல் அகழ்வு இத்தகைய இடங்களுக்கு எப்போதுமே பகைதான் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சங்கத்தினரிடம் எடுத்துச் சொல்லுங்கள். வாதம் அளவோடு நிற்க அது உதவும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் புவிச்சரிதவியல் அளவைத் துறை, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையின் கல்மரங்கள், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரம் போன்றவற்றைத் தேசியப் புவிச்சரிதச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. இலங்கையில் புவிச்சரித மரபுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆகவே வேறு சட்டங்களின் நிழலில்தான் ஒதுங்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கிரவல் அகழ முடியாது. அந்த அனுமதிக்கு முன் பிரதேச செயலகம் முதலிய அலுவலகங்களின் இணக்கம் கேட்கப்படுவது வழமை. உங்கள் கடிதம் கோப்பில் இருக்க வேண்டிய தருணம் அதுவே. கடிதத்தில் ‘கிரவல் எடுக்கவே கூடாது’ என்று எழுத வேண்டாம். வீதி அமைக்கக் கிரவல் தேவைப்படும் மாவட்டத்தில் அந்தக் கோரிக்கை எளிதில் தள்ளப்பட்டுவிடும். சுவரின் இத்தனை மீற்றர் நீளத்தையும், அதன் பின்னால் இத்தனை மீற்றர் அகலத்தையும் அகழ்விலிருந்து விலக்குமாறு அளவு குறிப்பிட்டுக் கேளுங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. அகழ்வு முடிந்த குழியை நிரப்பி மட்டப்படுத்த வேண்டும் என்பது பொதுவாக விதிக்கப்படும் நிபந்தனை. சுற்றாடலுக்கு நல்லதான அதே நிபந்தனை நிறைவேற்றப்படும் நாளில் உங்கள் சுவர் மண்ணுக்குள் போய்விடும். ஆகவே ஒரு முகப்பை மட்டும் நிரப்பாமல் விடும்படியும், அதன் எதிர்ப்புறத்தைச் சரிவாக்கி மழைநீர் தேங்காமல் வடியச் செய்யும்படியும் அதே கடிதத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கைவிடப்பட்ட குழிகளில் மாரிகாலத்தில் நீர் நிறைந்து சிறுவர்கள் மூழ்கும் துயரம் நம் பகுதிகளில் நிகழ்ந்திருப்பதால், இந்தப் பாதுகாப்புக் காரணத்தை எந்த அதிகாரியும் தட்டமாட்டார்.

இரண்டாவது சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். நிலத்துக்கடியில் இன்னும் கண்டெடுக்கப்படாதிருக்கும் தொல்பொருட்கள் அரசுக்குரியவை என்றும், தற்செயலாகக் கிடைத்தவற்றை அறிவிக்க வேண்டும் என்றும், அனுமதியின்றி அவற்றைத் தேடித் தோண்டுவது குற்றம் என்றும் அது கூறுகிறது. கருவி என்று உறுதியாகும் கல் ஒன்று கிடைத்தாலே அந்தச் சுவருக்குச் சுரங்கச் சட்டத்தைவிட வலுவான காவல் கிடைக்கக்கூடும். தொல்லியல் திணைக்களத்தை அழைத்தால் காணியே போய்விடும் என்ற அச்சம் வன்னியில் பரவலாக உள்ளது என்பதையும், தொல்லியல் இடங்களின் வழிபாடு, காணி தொடர்பாக எழுந்த குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலைப் பிணக்குகளுக்குப் பின்னர் அந்த அச்சம் காரணமற்றதன்று என்பதையும் நான் அறிவேன். என் ஆலோசனை, மறைக்காமலும் தனியே போகாமலும் செய்வது. காணி எவருடையது, அரச காணியா அனுமதிப்பத்திரக் காணியா, எல்லைகள் எவை என்பதைக் கிராம அலுவலர் மூலம் முதலில் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் புவியியல், தொல்லியல் கற்பிப்போரையோ பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையினரையோ இடத்தைப் பார்க்கச் செய்து, அவர்களின் குறிப்புடனும் எல்லை காட்டும் வரைபடத்துடனும் எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் பிரதி அனுப்புங்கள். பல மேசைகளில் ஒரே வரைபடம் இருக்கும்போது எல்லை பின்னர் நீள்வது கடினம்.

சுவரைப் பேணுவதில் ஆர்வமே பெரும்பாலும் கேடாக முடிகிறது. செம்மண் சுவர் சரிகிறதே என்று சீமெந்து பூசுவார்கள். பூச்சின் பின்னே மழைநீர் தேங்கி, ஒரு மாரி முடிவதற்குள் பூச்சும் படைகளும் சேர்ந்து பெயர்ந்துவிடும். வேலிக்கென்று சுவரின் உச்சியிலேயே கதியால் நடுவார்கள். அதன் வேர் படைகளைப் பிளக்கும். செய்ய வேண்டியது சிறிய வேலையே. சுவரின் உச்சியிலிருந்து மூன்று நான்கு மீற்றர் பின்னால் ஒரு வெட்டுவாய்க்கால் அமைத்து மழைநீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். வாய்க்காலுக்கு அப்பால் வெட்டிவேர் வரிசை ஒன்று போதும், வேலியும் அந்த வரிசைக்குப் பின்னாலேயே வரட்டும். சுவரின் முகப்பில் வெயிலில் இறுகிய மேற்பொருக்கே அதன் கவசம். வகுப்பு வரும்போது ஒரு மீற்றர் அகலத்தை மட்டும் தூரிகையால் துடைத்துக் காட்டி, மற்றதைத் தொடாமல் விடுங்கள். வாடைக்காற்று மழை தொடங்குமுன் செப்டெம்பரிலும், மழை ஓய்ந்தபின் பெப்ரவரியிலும், அதே இடத்தில் நின்று, அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து வாருங்கள். சுவர் ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்பதை மூன்று ஆண்டுகளில் அந்தப் படங்களே காட்டிவிடும்.

பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் ஒரு விடயத்தில் சமரசம் கூடாது. குழியும் அதற்குச் செல்லும் பாதையும் மிதிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்ட நிலமா என்பதை மாவட்டச் செயலகம் ஊடாகவோ, கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடி நடவடிக்கை அலுவலகத்திலோ எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். டிப்பர் ஓடிய பாதைதானே என்று நினைத்துப் பாதையை விட்டு விலகி நடக்க வேண்டாம். மழை நாளிலும் அதற்கு மறுநாளும் சுவரடிக்குப் போகக் கூடாது. மற்ற நாட்களிலும் சுவரின் உயரமளவுக்கு விலகி நிற்கச் செய்யுங்கள்.

பாடத்துக்குச் சுத்தியல் தேவையில்லை. அளவுநாடா, கொப்பி, தண்ணீர்ப் போத்தல் ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொரு படையின் தடிப்பையும் அளந்து, ஈரமாக்கிய மண்ணின் நிறத்தைக் குறித்து, சுவரை அளவுத்திட்டத்துக்கு வரையட்டும். சுவரடியில் ஏற்கெனவே விழுந்து கிடக்கும் மண்ணில் ஒரு பிடியைக் கண்ணாடிப் போத்தலில் நீருடன் குலுக்கி வைத்தால், பரல் முதலிலும் மணல் அடுத்தும் களி கடைசியிலும் படியும். பக்கத்து வயல் மண்ணையும் அவ்வாறே குலுக்கி வைத்து ஒப்பிடட்டும். மணல் ஏன் சிவந்தது என்ற கேள்விக்கு, மணற்பரல்களின் மேல் படிந்த இரும்பு ஒட்சைட்டே காரணம் என்ற விடையை நீங்களே உடனே சொல்லிவிடாமல், துருப்பிடித்த ஆணி ஒன்றைக் காட்டி யோசிக்க விடுங்கள்.

புவிப்பூங்கா என்ற யோசனையைத் தற்போதைக்கு மறந்துவிடுங்கள். யுனெஸ்கோ 2015இல் ஏற்படுத்திய அத்திட்டம் ஒரு குழிக்கோ ஒரு பாறைக்கோ உரியதன்று. சர்வதேசப் புவிச்சரித மதிப்புடைய பரந்த நிலப்பரப்பு, அதற்கென ஒரு நிர்வாகம், அங்கு வாழும் மக்களின் ஈடுபாடு ஆகியவை ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். தகுதியும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீள்பரிசீலிக்கப்படும். இலங்கையில் இதுவரை அத்தகைய பூங்கா இல்லை. ஆனால் அத்திட்டத்திலிருந்து இன்றே எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு விதி உண்டு. கல்லையும் உயிர்ச்சுவடுகளையும் விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்பதே அது. நுழைவாயிலில் ‘கற்கால ஞாபகப் பொருள்’ விற்கும் கடை ஒன்று வந்தால், அந்தச் சுவர் நெடுநாள் நிற்காது.

அரச காணிக்குள் நுழையக் கட்டணம் அறவிடும் அதிகாரம் உங்கள் சங்கத்துக்குத் தானாக வராது. அது பிரதேச செயலகத்துடனோ பிரதேச சபையுடனோ செய்யும் உடன்பாட்டில் தங்கியுள்ளது. என்னைக் கேட்டால், ஒரு குழியைப் பார்க்க மட்டும் எவரும் வெகுதூரம் வரமாட்டார்கள், வருபவரும் அரை மணிநேரத்தில் திரும்பிவிடுவார். வருமானம் வழிகாட்டலிலும், மதியச் சாப்பாட்டிலும், வாகன வாடகையிலுமே இருக்கும். அதற்கு உங்கள் சுவர் ஒரு பயணத்தின் நடுத் தரிப்பாக அமைய வேண்டும். வவுனியாவின் பெரியபுளியங்குளத்தில் பிராமிக் கல்வெட்டுகள் பொறித்த பாறைக் குகைகளில் தொடங்கலாம். புவிச்சரிதவியலாளர் ‘வன்னித் தொகுதி’ என்று குறிக்கும் பழம்பாறைகளின் நாடு அது. அவர்களின் வன்னி குருநாகல் வரை நீள்வதால் நம்முடையதைவிடப் பெரியது. ஏறத்தாழ 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றிணைந்தபோது வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறிய பாறைகளைத் தொட்டுவிட்டு, பல்லாயிரம் ஆண்டு வயதே இருக்கக்கூடிய உங்கள் செம்மண்ணுக்கு வரும் பயணி, காலத்தின் அளவை உடம்பாலேயே உணர்வார். பிறகு மேற்கே முருங்கனில், சோளகக் காலத்தில் கைநுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிய களிமண். அதற்கப்பால் அரிப்பில், கடல் அரிப்பினால் இடிந்துகொண்டிருக்கும் ஆளுநர் நோர்த்தின் மாளிகை. முடிவில் தலைமன்னாரிலிருந்து இந்தியாவை நோக்கி வரிசையாக நீளும் மணற்றீடைகள். தீடைகள் கடற் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருவதால் அங்கே இறங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கரையில் நின்றே காட்டலாம். இந்தப் பாதையில் முதலில் நம் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலாக்களை ஓட்டிப் பாருங்கள். வலயக் கல்வி அலுவலகத்தின் இணக்கத்துடன் ஒரு தவணைக்குச் சில வகுப்புகள், ஒரு தடவைக்கு 25 பிள்ளைகளுக்கு மேற்படாமல் வந்தாலே, சுவர் எவ்வளவு தாங்கும், வழிகாட்டிகளுக்கு எது தெரியவில்லை என்பது புலப்படும். வெளியூர்ப் பயணிகளை அதற்குப் பிறகு அழைக்கலாம். பெயர்ப்பலகையை மும்மொழியிலும் எழுதுங்கள், உறுதியாகாத வயதை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பிஸ்கற் பேணி. கற்களைத் திரும்பக் கொண்டுபோய்க் குழியில் போட வேண்டாம். அது குழப்பத்தை இரட்டிப்பாக்கும். கழுவவோ வார்னிஷ் பூசவோ வேண்டாம், ஒட்டியிருக்கும் மண்ணும் சான்றுதான். எந்தப் பிள்ளை, எந்த மாதம், சுவரிலிருந்தா தரையிலிருந்தா, எந்தப் பக்கத்தில் எடுத்தது என்பதை மறக்குமுன் கேட்டறிந்து, கல்லுக்கு ஒரு பையாகப் பிரித்து, துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளே இடுங்கள். மை ஈரத்தில் ஊறி அழிந்துவிடும். நினைவில்லாத கற்களுக்கு ‘இடம் தெரியாது’ என்று எழுதுங்கள். தொல்லியல் அலுவலர் வரும்வரை அவை அதிபரின் அலுமாரியில், பதிவேட்டில் இலக்கமிட்டு இருக்கட்டும். இன்றிலிருந்து புதிதாக ஒரு கல்லும் எடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொறுப்பை, அதிகமான கற்களைச் சேர்த்த பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள்.