டீச்சரைக் கேளுங்கள்: சொப்புக் கடையில் என்ன படிப்பு?

ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர் ஒன்றில் 34 வருடம் பால்வாடி டீச்சராக இருந்தேன். பேறுகாலத்திலிருந்து பள்ளிக்கூடச் சேர்க்கை வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டு எழுதுகிறீர்கள். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி விளையாட்டைப் பற்றியே இருந்ததால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகனுக்கு நாலரை வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். வீட்டுக்கு வந்ததும் சொப்புச் சாமான்களைப் பரப்பிக் கடை வைத்துவிடுவான். “எழுத்தில் பின்தங்கியிருக்கிறான், தினமும் இரண்டு பக்கம் எழுதவையுங்கள்” என்று பள்ளியில் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் கை வலிக்கிறது என்று அழுகிறான். எழுதி முடித்தால்தான் கடை என்று சொல்லி, சொப்பைப் பரண்மேல் வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா டீச்சர்?
– வாசகி, திருப்பூர்

சொப்பை இன்றைக்கே இறக்கிக் கொடுத்துவிடுங்கள் அம்மா.

முதலில் அந்தக் கை வலியை நம்புங்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். வருடம் போகப் போக ஒவ்வொன்றாக இறுகும். கடைசி எலும்பு இறுகுவதற்குள் பிள்ளை மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புக்கே போய்விடும். விரல் தசைகளும் இன்னும் வளர்கிற வயது இது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து இரண்டு பக்கம் என்றால் வலிக்கத்தான் செய்யும். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையை அவனுக்குக் கொடுங்கள். ஈரத்துணி பிழியட்டும், பட்டாணி உரிக்கட்டும், மண் அள்ளட்டும். பென்சில் பிடிக்கிற பலம் அங்கிருந்துதான் வரும்.

1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் இதே அவசரம் இருந்தது. பிள்ளைகள் சிலேட்டில் ‘அ’ எழுதிக் காட்டினால்தான் ஊரில் என்னை டீச்சர் என்று மதிப்பார்கள் என்று நினைத்தேன். நாலு வயதுப் பெண் ஒருத்தி, சிலேட்டைக் கண்டாலே இரண்டு கையையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வாள். நானும் விடாமல் கையைப் பிடித்து எழுதவைத்தேன். ஒரு நாள் மழை விட்டதும் வாசலுக்கு வந்து பார்க்கிறேன், ஈர மண்ணில் குச்சியால் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சுழி, வளைவு, கீழே இழுத்த கோடு, ‘அ’வுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. தோளிலிருந்து கை வீசி வரைகிற அளவுக்கு அவளுக்கு இடம் வேண்டியிருந்தது. நான் கொடுத்ததோ ஒரு சாண் சிலேட்டு. அந்தக் கையை அப்படி இறுக்கிப் பிடித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டப்படும். அப்புறம் ஒரு பழைய தாம்பாளத்தில் ஆற்று மணலைக் கொட்டி வைத்தேன். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மணலில்தானே எழுதிப் பழகினார்கள்!

இனி அந்தக் கடைக்கு வருவோம். உங்கள் மகன் ஐம்பது வரை ஒப்பிப்பானாக இருக்கும். “அஞ்சு கல் எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள். எண்களை வரிசையாகச் சொல்வது பாட்டு மாதிரி. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதைச் சொல்கிறது என்று புரிவது வேறு விஷயம். அது கடையில் நடக்கும். “மூணு தக்காளி கேட்டேன், ரெண்டுதான் இருக்கு” என்று நீங்கள் சண்டை பிடிக்க வேண்டும், அவன் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் அங்கே நடக்கிறது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கிழித்த காகிதத்தை அவன் ரூபாய் என்கிறான், புளியங்கொட்டையைப் பருப்பு என்கிறான். ஒரு பொருள் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்கலாம் என்று அவன் மனசு ஒத்துக்கொள்கிறது. எழுத்து என்பதும் அதுதானே அம்மா? வளைந்த ஒரு கோடு ‘அ’ என்ற சத்தத்துக்குப் பதிலாக நிற்கிறது. குச்சியைக் குதிரையாக ஓட்டுகிற குழந்தை, பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது என்று வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930களிலேயே விளக்கினார். விளையாடும்போது குழந்தை தன்னைவிடத் தலை உயரம் கூடி நிற்கிறது என்றும் அவர் சொன்னார். நான் அதைத் தினமும் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பையனைக் கடைக்காரர் ஆக்கினால், அரைமணி நேரம் கல்லாவை விட்டு நகரமாட்டான். “வரிசையில வாங்க” என்று மற்றவர்களை வேறு அதட்டுவான்.

பள்ளியில் சண்டை போட வேண்டாம். “வீட்டில் மாவிலும் மணலிலும் பழக்குகிறேன், பக்கக் கணக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம்” என்று பொறுமையாகச் சொல்லுங்கள். மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் சொல்கிறது. நம் அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்குப் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. ஐந்து வயது தாண்டியும் ஸ்பூன் பிடிக்க, பட்டன் போடத் தடுமாறினால் மட்டும் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்பது மாதக் குழந்தைக்குச் சக்கரம் வைத்த வாக்கர் வாங்கினோம். அதில் உட்கார்ந்தபடியே வீடெல்லாம் ஓடுகிறாள். மாமியார் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மர நடைவண்டி வாங்கச் சொல்கிறார். எது நல்லது?
– வாசகி, சேலம்

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. உட்காரவைத்து ஓட்டுகிற அந்த வாக்கரால் நடை சீக்கிரம் வராது. படிக்கட்டில் உருண்டு விழுவதும், அடுப்பு மேடைக்கு எட்டிக் கொதிக்கிறதை இழுத்துக்கொள்வதும்தான் நடக்கும். கனடா நாட்டில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நடைவண்டியில் குழந்தை தன் காலில் தானே நின்று, தானே தள்ள வேண்டும். விழுந்தால் எழுந்திருக்கவும் கற்றுக்கொள்ளும். ஆனால் அதற்கும் இப்போது அவசரம் இல்லை. தரையில் விடுங்கள், தவழட்டும், கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்கட்டும். அப்புறம் வண்டி வாங்கலாம், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறபடி. மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டிய பிள்ளைகள் சங்கப் பாட்டிலேயே வருகிறார்கள். நம் ஊருக்குப் புதிய சாமான் இல்லை அது.

என் பேத்திக்கு நாலு வயது. தனியாக விளையாடும்போது வாய் ஓயாமல் தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். பொம்மையை உட்காரவைத்து, அவள் அம்மா மாதிரியே திட்டுகிறாள். பக்கத்து வீட்டில் இதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

பயப்பட ஒன்றுமே இல்லை ஐயா. நாம் மனசுக்குள் யோசிப்பதை இந்த வயதுப் பிள்ளைகள் வாய்விட்டு யோசிக்கிறார்கள். “இதை இங்க வைக்கணும், அது விழுந்துரும், மெல்ல…” என்று தனக்குத்தானே சொல்லித்தான் கையை நடத்துகிறார்கள். பள்ளிக்கூடம் போய் ஒன்றிரண்டு வருடத்தில் அந்தப் பேச்சு மெல்ல மெல்ல உள்ளே போய்விடும். மற்றவர்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா, அவர்களோடும் பேசுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள். பேசுகிறாள் என்றால் போதும்.

பொம்மையைத் திட்டுவதைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பால்வாடிக்கு வந்த ஒரு குழந்தையின் தம்பி காய்ச்சலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவள் திரும்பி வந்த நாளிலிருந்து துணிப் பொம்மைக்குத் துடைப்பக் குச்சியால் ஊசி போட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் போடுவாள், சாப்பிட்டுவிட்டு வந்து திரும்பவும் போடுவாள். எங்கள் ஆயா அந்தக் குச்சியைப் பிடுங்கப் போனார், வேண்டாம் என்று நிறுத்தினேன். பத்து நாள் இருக்கும், ஒரு மத்தியானம் பொம்மையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “காய்ச்சல் போயிருச்சு, வீட்டுக்குப் போலாம்” என்றாள். அதோடு ஊசி நின்றது. ஒரு வாரமாக யாரும் அவளிடம் சொல்லாததை, கேட்காததை அவளே பேசித் தீர்த்துக்கொண்டாள்.

அதனால் உங்கள் பேத்தி என்ன திட்டுகிறாள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதற்காக அவளையும் கண்டிக்க வேண்டாம், மருமகளிடமும் குற்றமாகச் சொல்ல வேண்டாம். அந்தப் பொம்மைக்குப் பசிக்கிறதோ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மூன்று வயது மகளுக்கு அறிவு வளர்ச்சிக்கு என்று நாலாயிரம் ரூபாய்க்குப் பொம்மை வாங்கினேன். அவள் அது வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடுகிறாள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், மூன்றாவது மாடி வீடு. சாப்பாட்டுக்கு செல்போன் இல்லாமல் வாய் திறப்பதில்லை. எப்படி மாற்றுவது?
– வாசகர், பெரம்பூர், சென்னை

பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பட்டனை அழுத்தினால் பாடுகிற பொம்மைக்கு அந்த ஒரு வேலைதான் தெரியும். பெட்டி இன்றைக்கு பஸ், நாளைக்கு வீடு. காலி டப்பாக்கள், மூடிகள், கொட்டாங்குச்சி, பழைய துப்பட்டா, ஒரு குண்டான் தண்ணீர், இவ்வளவு போதும். இன்னும் கொஞ்ச நாளைக்குப் புளியங்கொட்டை, கோலிக்குண்டு, காசு மாதிரி தொண்டையில் சிக்கக்கூடிய எதுவும் வேண்டாம். ரிமோட்டில் போடுகிற சின்ன வட்ட பேட்டரி கண்ணிலேயே படக்கூடாது. விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும். தண்ணீர் வைத்து விளையாடும்போது ஒருவர் கூடவே இருங்கள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஓட்டமும் ஆட்டமுமாகக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். நாள் முழுக்கச் சேர்த்துத்தான் கணக்கு. மாடிப்படி ஏறுவது, தலையணையைத் தாண்டிக் குதிப்பது, துணி காயப்போடக் கூட வருவது எல்லாம் சேரும். சாயங்காலம் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் செல்போனைத் திடீரென்று பிடுங்கினால் இரண்டு மூன்று நாள் அழுகை இருக்கும். அந்த நாட்களில் நீங்களும் உங்கள் செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவளோடு தரையில் உட்காருங்கள். அவள் கையாலேயே பிசைந்து சாப்பிடட்டும், சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், தெரியும். இருபது நிமிடம் போதும். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் அவள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்க வேண்டும். “இது என்ன கலர், இது எத்தனை” என்று பரீட்சை வைத்தால் விளையாட்டை விட்டு எழுந்து போய்விடுவாள். அவள் காலித் தட்டில் உங்களுக்குச் சோறு போட்டால் சாப்பிடுங்கள். குழம்பில் உப்புக் குறைச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அதற்கு அவள் என்ன செய்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.